லேஸ் இல்லை, லாசோ

எல்லாக் குழப்பத்துக்கும் ஒரு சொல்லுத்தான் காரணம். லூப்பே என்னட்டைக் கேட்டது லாசோ. என்ர காதிலை விழுந்தது லேஸ். கலியாண உடுப்புக்கு லேஸ் வைச்சுத் தைக்கிறதுதானே, தைச்சுக் குடுத்தாப் போச்சு எண்டு நானும் வாயைத் திறந்து ஓமெண்டிட்டன். பிறகு விசயம் விளங்கினாப்போலை என்ன செய்யிறது, சொன்னது சொன்னதுதான்.

லூப்பே ஆரெண்டு முதலிலை சொல்லவேணும். முழுப்பேர் குவாதலூப்பே, மெக்சிக்கோக்காரி. நான் எண்பத்தேழிலை லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோவிலை அண்ணை வீட்டு மேலறையிலை ஒதுங்கி, ஒரு ஆசுப்பத்திரிக் குசினியிலை வேலைக்குச் சேர்ந்த நேரம், பக்கத்திலை நிண்டு கரட் வெட்டினவள் அவள்தான். வயசு என்னை விடப் பத்துக் குறைய, வாய் என்னை விடப் பத்து மடங்கு கூட. ரெண்டு பேருக்கும் இருந்தது அரைகுறை இங்கிலீசு. நான் பாதியை விழுங்குவன், அவள் பாதியைப் பாட்டாப் பாடுவாள். அதை அப்பிடியே சொன்னா உங்களுக்கு ஒண்டும் விளங்காது, அதாலை அவள் கதைச்சதையும் தமிழிலையே சொல்லுறன்.

முதல்நாளே என்ர சாப்பாட்டுப் பெட்டிக்கை எட்டிப் பார்த்தாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். கேக்காமல் கொள்ளாமல் ஒரு கரண்டி அள்ளி வாயிலை போட்டாள். எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலை கிடந்த கத்தியை மெல்லமாக் கீழை வைச்சன். ஆனா அவள் தின்ன விதத்தைப் பார்க்கக் கோபம் நிக்கேல்லை. எங்கட உறைப்பை இந்த ஊரிலை கண் கலங்காமல் தின்ன முதல் ஆள் அவள்தான். அண்டையிலையிருந்து ரெண்டு பேருக்குமாக் கட்டிக்கொண்டு போகத் தொடங்கினன்.

அவள் கட்டப் போறவன் ரமோன், ஸ்பெயின்காரன். மோட்டார்சைக்கிளிலை கடிதம், பார்சல் கொண்டு ஓடுற வேலை. தங்கமான பொடியன்தான், ஆனா பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவாலை அவன் பூருறதை என்னாலை பார்க்கேலாது. "மெல்ல ஓடு தம்பி" எண்டு தமிழிலையே கத்துவன். அவனும் கேட்டுப் பழகி, "மெல்ல, ஓம் ஓம்" எண்டு தமிழிலையே சொல்லிப்போட்டுப் பறப்பான்.

தொண்ணூற்றொண்டு மே மாசம் கலியாணம். அதுக்கு முதல் வியாழக்கிழமை, வேதக்கோயிலுக்கு, அதுதான் சேர்ச்சுக்கு, வா, ஒருக்காப் பழகிப் பார்க்கவேணும் எண்டாள் லூப்பே. லேஸ் தைக்கிறதுக்கு ஏன் கோயில் எண்டு எனக்கு ஒரு யோசனை வந்ததுதான். வேதக்காரருக்கு ஏதும் முறை இருக்குமாக்கும் எண்டு நினைச்சு, கிறீன் ஸ்ட்ரீட்டிலை ரெண்டு யார் வெள்ளை லேஸ் வாங்கி, ஊசி நூலோடை போனன்.

அங்கை பார்த்தால் லூப்பே ஒரு பெட்டியைத் திறக்கிறாள். உள்ளுக்கை வெள்ளைப் பட்டுக் கயிறு. நல்ல மொத்தமா முறுக்கி, ரெண்டு பெரிய வளையமாச் செய்து, நடுவிலை ஒண்டாச் சேர்த்து, சேர்த்த இடத்திலை சின்னச் சிலுவை தொங்குது. கயிறு முழுக்கத் தோடம்பூ, ஒறேஞ்சுப் பூ. மெழுகிலை செய்த பூவாம், ஆனா தொட்டுப் பார்க்கும் வரைக்கும் நான் நம்பேல்லை. அவளின்ர தாய் மெக்சிக்கோவிலை, புவெப்ளா எண்ட ஊரிலையிருந்து அனுப்பினது.

"இதுதான் லாசோ" எண்டாள்.

கோயிலின்ர ஐரிஷ்காரச் சுவாமியார் விளங்கப்படுத்தினார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் சத்தியம் சொல்லி முழங்காலிலை நிப்பினம். அப்ப லாசோவுக்கு எண்டு தெரிஞ்செடுத்த ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் வந்து, ஒரு வளையத்தை அவனுக்கும் மற்றதை அவளுக்கும் போடவேணும். எட்டு எண்டு எழுதின மாதிரி ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டுறதாம். ஞானத்தகப்பன் எங்கட குசினியிலை சாமான் தள்ளுற பற்றிக். ஞானத்தாய் நான்.

"எங்கை போடுறது?" எண்டு கேட்டன்.

"கழுத்திலை" எண்டார் சுவாமியார்.

போடுறதை மட்டும் ஒருக்காச் செய்து காட்டினார். அதுக்குள்ளை ஆரோ கூப்பிட்டு அவசரமாப் போயிட்டார். என்ர கையிலை லேஸ் சுருள் அப்பிடியே இருந்தது.

நான் லூப்பேயைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வெளியிலை வந்தன். வேற ஆரையும் பார் எண்டன். ஏன் எண்டாள். நான் விதவை எண்டன். தெரியும்தானே எண்டாள். தெரிஞ்சு என்ன பிரியோசனம், விளங்கேல்லையே.

என்ர மனுசன் எண்பத்தாறிலை ஷெல் விழுந்து செத்தவர். அண்டைக்குப் பின்னேரம் என்ர மாமி பின்னாலை வந்து, கழுத்திலை கை வைச்சு, கொக்கியைக் கழட்டினா. தாலி கழண்ட சத்தம் ஒரு சின்னச் சத்தம்தான், ஆனா இண்டைக்கும் எனக்குக் கேக்கும். அதுக்குப் பிறகு நான் ஒரு கலியாணவீட்டிலையும் முன்னுக்கு நிண்டதில்லை. லூப்பேயின்ர கலியாணத்துக்கு முதல் வருசம் அண்ணையின்ர மகள் கலாவதிக்கு லூயிஷாமிலை கலியாணம் நடந்தது. ஒரு கிழமை பலகாரம் சுட்டது நான். பொம்பிளைக்குச் சீலை தெரிஞ்செடுத்தது நான். தாலி கட்டுற நேரம் மேளம் கொட்ட, நான் பின்பக்கம் கோட்டுகள் தொங்கின இடத்திலை நிண்டன். ஒருத்தரும் என்னைப் போ எண்டு சொல்லேல்லை, நானாத்தான் போனனான். ஆனா அண்ணையின்ர மனுசி தவநாயகி மச்சாள் ஒருக்காத் திரும்பிச் சனத்துக்குள்ளை தேடினா. நான் இல்லை எண்டு கண்டாப்போலை அவவின்ர முகம் ஆறுதலானதை நான் கோட்டுகளுக்குள்ளாலை பார்த்தனான்.

இதையெல்லாம் அந்த வேதக்கோயில் வாசலிலை வைச்சு எனக்கு வந்த இங்கிலீசிலை சொன்னன். கடைசியிலை, "ரமோன் மோட்டார்சைக்கிள் ஓடுறவன். நான் போட்டு, நாளைக்கு அவனுக்கு ஒண்டு நடந்தா என்னாலை தாங்கேலாது. என்ர கை சரியில்லை" எண்டன்.

லூப்பே என்ர கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையோ? நாலு வருசமா இந்தக் கை போட்ட சோத்தைத்தான் தின்னுறன். ரமோனுக்கும் மிச்சம் கொண்டுபோய்க் குடுத்தனான். ஏதும் நடக்கிறதெண்டால் எப்பவோ நடந்திருக்கும்" எண்டாள்.

நான் கோபமா வீட்டை போனன். ஆனா மாட்டன் எண்டும் சொல்லேல்லை. எனக்கு அந்தக் கயிற்றைத் திரும்பவும் ஒருக்காத் தொடவேணும் போலை இருந்தது, அது உண்மை.

வெள்ளிக்கிழமை அவளின்ர பிளாட்டிலை சமையல். மோலே எண்டு ஒரு குழம்பு. பார்சலிலை வந்த மிளகாய், கறுத்துச் சுருங்கி முந்திரிகை வத்தல் மணத்தோடை இருந்தது. அதை வறுத்து ஊறப்போட்டு, எள்ளு, கச்சான், கறுவா, கராம்பு எல்லாம் வறுத்து அரைச்சாள். அதுமட்டும் எனக்குச் சரி, நாங்கள் சரக்கு வறுத்து இடிக்கிற மாதிரித்தான். பிறகு கறுத்தச் சொக்லேட்டை உடைச்சுச் சட்டிக்கை போட வந்தாள். கோழிக்கறிக்கை சொக்லேட். உனக்கென்ன விசரோ எண்டு கையைப் பிடிச்சன். என்னைத் தள்ளிப்போட்டுப் போட்டாள். ஒரு மணித்தியாலம் கழிச்சு அகப்பையிலை தொட்டு என்ர உள்ளங்கையிலை விட்டாள். நக்கிப் பார்த்தன். முதலிலை உறைப்பு, பின்னாலை ஒரு கசப்பு, அதுக்கும் பின்னாலை இனிப்பு வந்தும் வராமலும். இருபது வருசம் அடுப்படியிலை நிண்ட எனக்கு, இப்பிடியும் ஒண்டு உலகத்திலை இருக்கே எண்டு புதினமாப் போச்சு. மிளகாய் மட்டும் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்தது. அவள் அங்காலை திரும்பின நேரம் எங்கட செத்தல் மிளகாயிலை ஒரு பிடி அரைச்சுச் சேர்த்திட்டன். அது இண்டைவரைக்கும் அவளுக்குத் தெரியாது.

அண்டைக்குத்தான் ரமோனின்ர தாய் ஸ்பெயினிலையிருந்து வந்து இறங்கினா. தொலோரெஸ் எண்டு பேர். இங்கிலீசு ஒரு சொல் வராது. வந்தவா சீனி பூசின வாதுமைப் பருப்பை ஒரு பை நிறையத் தந்துபோட்டு, கைப்பையிலையிருந்து ஒரு பழைய படம் எடுத்துக் காட்டினா. ஒரு இளம் பொம்பிளை, தலையிலையிருந்து கால்வரை கறுப்புப் பட்டு, கறுப்பு லேஸ் முக்காடு, கையிலை பூ.

"ஐயோ பாவம், ஆற்ற செத்தவீடு?" எண்டு கேட்டன்.

லூப்பே சிரிச்சுச் சிரிச்சு நிலத்திலை இருந்திட்டாள். அது இந்த மனுசியின்ர கலியாணப் படமாம். அவையின்ர பக்கத்திலை அந்தக் காலம் பொம்பிளைக்குக் கறுப்புப் பட்டுத்தானாம், பிறகு கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் அதையே உடுக்கலாமாம்.

"அப்ப இவவின்ர மனுசன்?"

"ஒன்பது வருசத்துக்கு முந்திச் செத்தவர். நாளைக்கு ரமோனைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறதே இவாதான். அங்கத்தைய முறை அது. மாப்பிள்ளையின்ர தாய்தான் கலியாணத்துக்கு ஞானத்தாய்."

கறுப்பு உடுத்துக் கலியாணம் கட்டினவா, விதவை, மாப்பிள்ளையை முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போறாவாம். லூப்பே என்னைத் தேத்தக் கதை அளக்கிறாள் எண்டுதான் நினைச்சன்.

சனிக்கிழமை காலமை, ஐஞ்சு வருசமாப் பெட்டிக்கை கிடந்த கரும்பச்சைப் பட்டுச் சீலையை எடுத்து உடுத்தன். மச்சாள் படிக்கட்டடியிலை நிண்டு மேலையும் கீழையும் பார்த்தா.

"எங்கை மச்சாள் இந்தக் கோலத்திலை?"

"லேஸ் தைக்க" எண்டு சொல்லிப்போட்டு இறங்கி நடந்தன்.

வேதக்கோயிலிலை பெரிய சனம் எண்டில்லை. குசினி ஆக்கள், ரமோனோடை வேலை செய்யிற பொடியள், ஸ்பெயினிலையிருந்து வந்த கொஞ்சப் பேர். நானும் பற்றிக்கும் முன்வாங்கிலிலை இருந்தம். இசை தொடங்கத் திரும்பிப் பார்த்தன்.

லூப்பே பொய் சொல்லேல்லை. ரமோனின்ர கையைக் கோத்துக்கொண்டு அவா வாறா. கறுப்புச் சட்டை. தலையிலை ஒரு சாண் உயரத்துக்கு ஆமையோட்டுச் சீப்புக் குத்தி, அதுக்கு மேலாலை கறுப்பு லேஸ், தோளாலை வழிஞ்சு இடுப்புவரை வருது. நிலத்தைப் பார்க்கேல்லை, ஒதுங்கேல்லை. நடுவாலை, எல்லாரும் எழும்பி நிக்க, மெல்ல மெல்ல நடந்து வாறா. ஒரு விதவை இப்பிடி நடக்கிறதை நான் என்ர வாழ்க்கையிலை கண்டதில்லை. எனக்கு மேல் எல்லாம் கூசிச் சிலிர்த்தது. கும்பிடவேணும் போலை இருந்தது, கையைச் சீலைக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு இருந்தன்.

பிறகு லூப்பே வந்தாள், வெள்ளையிலை. முக்காட்டிலை அத்தனை லேஸ், என்ர ரெண்டு யார் லேசும் அதிலை ஒரு ஓரத்திலை இருந்தது. வாங்கினதை வீணாக்கக்கூடாது எண்டு நான்தான் முதல்நாள் இரவு இருந்து தைச்சனான். சத்தியம் சொல்லி முடிய, ரமோன் அவளின்ர ரெண்டு கைக்குள்ளையும் காசுகளைச் சொரிஞ்சான். பதின்மூண்டு காசாம், இனி என்னிடம் உள்ளதெல்லாம் உனக்கும் எண்டு கருத்தாம். காசு விழுந்த சத்தம் மேல்முகடு வரைக்கும் போய் வந்தது. ரெண்டு பேரும் முழங்காலிலை நிண்டினம். சுவாமியார் எங்களைப் பார்த்தார்.

எப்பிடி எழும்பினன் எண்டு எனக்குத் தெரியாது. பற்றிக் ஒரு வளையத்தை ரமோனுக்கு மேலாலை பிடிச்சான், நான் மற்றதை லூப்பேக்கு மேலாலை பிடிச்சன். மெழுகுப்பூ ஒண்டோடொண்டு முட்டிக் கிலுங்கிச்சுது. பிள்ளையாரே, இந்தப் பொடியனை மட்டும் காப்பாத்திப் போடு எண்டு வேண்டிக்கொண்டு இறக்கினன். கயிறு அவளின்ர தோளிலை இருந்தது. சிலுவை ரெண்டு பேருக்கும் நடுவிலை தொங்கிச்சுது. அவ்வளவுதான். கோயில் இடிஞ்சு விழேல்லை. மேல்சன்னலாலை வெயில் விழுந்து ரெண்டு பேரும் ஒரு கயிற்றுக்குள்ளை முழங்காலிலை நிக்கினம், அதை வைச்சது நான். எனக்கு அழுகை வந்தது. சந்தோசமோ பயமோ எண்டு கேக்காதேங்கோ, ரெண்டும்தான்.

பூசை நடந்தது. நான் கண்ணெடுக்காமல் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தன். கடைசியிலை சுவாமியார் திரும்பவும் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு விளங்கேல்லை. பற்றிக் காதுக்குள்ளை சொன்னான், "வாங்கோ, கழட்டவேணும்."

"என்னத்தை?"

"லாசோவை. போட்ட ஆக்கள்தான் கழட்டுறது."

இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. பற்றிக் போய் ரமோனின்ர பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். நான் லூப்பேக்குப் பக்கத்திலை நிண்டன். கையை எடுத்து அவளின்ர பின்கழுத்தடிக்குக் கொண்டு போனன். அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. என்ர மாமியின்ர கையும், அந்தக் கொக்கியும். கை அதிலையே நிண்டிட்டுது. என்னாலை ஏலேல்லை.

"நான் கழட்ட மாட்டன்" எண்டன். மெல்லமாச் சொன்னதாத்தான் நினைச்சன். தமிழிலை, பெலப்பா, முழுக் கோயிலுக்கும் கேக்கச் சொல்லியிருக்கிறன்.

சுவாமியார் இருமினார். லூப்பே தலையைத் தூக்காமல், "கனகா, என்ன?" எண்டாள்.

"கழட்டினா அவனுக்கு என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியாது. எங்கடையிலை மனுசன் உயிரோடை இருக்கேக்கை கழட்டுறேல்லை."

"கழட்டாட்டி ரெண்டு பேரும் எப்பிடிப் படி இறங்கிறது? கெதியாக் கழட்டு, முழங்கால் நோகுது" எண்டாள் அவள்.

முன்வாங்கிலிலை இருந்து தொலோரெஸ் எழும்பி வந்தா. எனக்கு ஆறுதல் சொல்ல வாறா எண்டு நினைச்சன். எங்கை. அவா நினைச்சது கயிறு முக்காட்டு லேசிலை சிக்கியிட்டுது எண்டு. தன்ர தலையிலையிருந்து ஒரு கொண்டையூசியை உருவி, நாக்கை ஒரு பக்கம் கடிச்சுக்கொண்டு, குனிஞ்சு பார்க்கத் தொடங்கினா. பார்த்தால் உண்மையிலையே சிக்கித்தான் கிடந்தது. ஒரு மெழுகுப்பூ, நான் தைச்ச லேசுக்குள்ளை. என்னைப் பிடிக்கச் சொல்லிக் கண்ணாலை காட்டினா. அந்த மனுசியின்ர பொறுமையில்லாத முகத்தைப் பார்க்க, மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நான் லேசைப் பிடிச்சன், அவா ஊசியாலை எடுத்துவிட்டா. பிறகு, உம் தூக்கு எண்டு தலையை ஆட்டினா.

தூக்கினன்.

சத்தம் ஒண்டும் கேக்கேல்லை. கயிறு லூப்பேயின்ர தலையாலை வந்திட்டுது. ரமோன் எழும்பி முழங்காலைத் தட்டினான். லூப்பே எழும்பி, கயிற்றை என்னட்டை வாங்கி, ஒருக்காக் கொஞ்சி, பெட்டிக்கை வைக்கச் சொல்லித் திருப்பித் தந்தாள். தன்ர தாயின்ர கலியாணத்து லாசோ அவவின்ர கட்டிலுக்கு மேலை முப்பத்திரண்டு வருசமாத் தொங்குதாம், அதை எனக்குப் பிறகுதான் சொன்னாள். ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, கழுத்திலை ஒண்டும் இல்லாமல், சிரிச்சுக்கொண்டு நடந்து போச்சினம். தொலோரெஸ் ஊசியைத் திரும்பத் தலையிலை குத்திக்கொண்டு பின்னாலை போனா. நான் பெட்டியை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு, நடுவாலை, எல்லாரும் பார்க்க நடந்தன். ஒதுங்க மறந்துபோச்சு.

பக்கத்து மண்டபத்திலை சாப்பாடு. மோலேயைத் தின்ன ஸ்பெயின்காரர் கிளாஸ் கிளாஸாத் தண்ணி குடிச்சினம். சீனித்தூளிலை உருட்டின கொட்டை பிஸ்கட் எங்கட பயத்தம் உருண்டைக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. ரமோனின்ர சிநேகிதப் பொடியள் கத்தரிக்கோலோடை வந்து அவனின்ர கழுத்து டையைத் துண்டு துண்டா வெட்டி, வந்த ஆக்களுக்கு வித்தாங்கள், பொம்பிளை மாப்பிள்ளைக்குக் காசு சேர்க்கிற முறையாம். கழுத்தடிக்கு ஏன்தான் இந்தச் சனம் இப்பிடி வருகுதோ எண்டு நான் கதிரையாலை எழும்பிப் பார்த்தன். அது முடிய மாப்பிள்ளையும் பொம்பிளையும் உடுப்பை மாத்தி, பிறைட்டனுக்கு வெளிக்கிட்டினம். எதிலை எண்டு நினைக்கிறியள்? மோட்டார்சைக்கிளிலைதான்.

"போய்ச் சேர்ந்த உடனை எனக்கு ஃபோன் பண்ணவேணும். உடனை" எண்டு ரமோனின்ர ஜாக்கெட்டைப் பிடிச்சுச் சொன்னன். தலைக்கவசத்துக்குள்ளாலை சிரிச்சான். சந்தியிலை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிண்டன்.

வீட்டை வந்து சீலையும் மாத்தாமல், ஃபோனடியிலை ஒரு கதிரையைப் போட்டு இருந்தன். மச்சாள் தேத்தண்ணியோடை வந்து முன்னுக்கு இருந்தா.

"லேஸ் தைச்சு முடிஞ்சுதோ?"

"பொறுங்கோ மச்சாள்."

"சீலையிலை என்ன, மெழுகே ஒட்டியிருக்கு?"

"பொறுங்கோ எண்டெல்லோ சொல்லுறன்."

தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிச்சுது. மச்சாள் தன்ரையைக் குடிச்சு முடிச்சு, போகாமல் அங்கையே இருந்தா. என்ர முகத்திலை என்னத்தைக் கண்டாவோ தெரியாது. வெளியிலை எந்த மோட்டார்சைக்கிள் போனாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஃபோன் அடிக்க, முதல் மணியிலையே எடுத்தன்.

காத்து இரைச்சலும் கடல்பறவைச் சத்தமும். "கனகா, வந்திட்டம். சரியான குளிர். லூப்பே சிப்ஸ் தின்னுறாள், அதுக்கு உன்ர ஊறுகாய் வேணுமாம்" எண்டான் ரமோன். பிறகு தமிழிலை, "மெல்ல, ஓம் ஓம்."

ஃபோனை வைச்சன். பிறகு வந்து இருந்து, ஆறின தேத்தண்ணியை ஒரே மூச்சிலை குடிச்சன்.

"மச்சாள், இண்டைக்கு மாப்பிள்ளை பொம்பிளையின்ர கழுத்திலை கயிறு போட்டது நான்."

மச்சாள் வெறும் கோப்பையைக் கீழை வைச்சா.

"பிறகு அதைக் கழட்டினதும் நான்தான்."

"கழட்டினதோ?" மச்சாளின்ர கை தன்ர கழுத்துக்குப் போய்த் தாலிக்கொடியை இறுக்கிப் பிடிச்சுது.

"ஓம் மச்சாள். என்ர கையாலை கழட்டினனான். ஒருத்தரும் சாகேல்லை."